அண்ணனுக்குக் கொழுப்பு

இதய ரத்தக் குழாயில் அடைப்பை நீக்கி, கம்பிச் சுருள் வைத்து, என்னை வார்டுக்குக் கொண்டு வந்த மறுநாள் மாலை என் தம்பி பார்க்க வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்கும் குரலில் சொன்னான்.

"அண்ணே, ஒனக்குக் கொழுப்புன்னு தோட்டத்துல எல்லாரும் அப்பவே சொன்னாங்க. நீதான் நம்பல."

வார்டே சிரித்தது. தமிழ் தெரிந்த தாதி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். அடுத்த கட்டிலில் இருந்த மலாய்க்காரர் என்னவென்று கேட்க, தம்பி அவருக்கும் மலாயில் விளக்கினான். எங்கள் மொழியில் உடம்பில் சேரும் நெய்ப்புக்கும் திமிருக்கும் ஒரே சொல்தான் என்றான். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். நோயாளி நான். பார்க்க வந்தவன் அவன். ஆனால் அவன் கிளம்பும்போது மூன்று கட்டில்காரர்கள் அவனுக்குக் கை காட்டினார்கள். எனக்கு ஒருவரும் அதுவரை கை காட்டியதில்லை.

எனக்குத் தம்பி மேல் பொறாமை. இதற்கு மென்மையான வேறு சொல் கிடைக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

நாங்கள் பிறந்தது கோல சிலாங்கூருக்கு உள்ளே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். அப்போது அங்கே ரப்பர்ப் பால்மரம், இப்போது எண்ணெய்க்கான செம்பனை. நாற்பதைத் தாண்டிய சில ஆண்டில் அப்பா தன் நிரையில், அதாவது அவருக்கென்று ஒதுக்கிய மர வரிசையில், வாளியோடு விழுந்து கிடந்தார். வெயில் என்றார்கள். எனக்குப் பதினாலு வயது, தம்பிக்குப் பதினொன்று. அதன் பிறகு நான் படித்தேன். அவன் பள்ளியை விட்டு லோரியில் உதவியாளாக ஏறினான். நான் படித்ததில் அவன் முதுகுக்கும் பங்கு உண்டு. நான் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியனானேன். அவன் காலப்போக்கில் சொந்தமாக லோரிகள் வாங்கி, செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் குத்தகைக்காரனானான்.

படித்தவன் நான், ஊர் அவனுடையது. கல்யாண வீட்டில் அவன் வந்து சேரும்வரை பந்தி தொடங்காது. அம்மா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் என் கையில் இருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "சின்னவன் வந்துட்டானா?"

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவன் சாப்பாட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. பாசிர் பெனாம்பாங்கில் ஆற்றோரக் கடையில் உட்கார்ந்தால் நண்டு, இறால், அதற்கு மேல் பொரித்த கோழி. வீட்டில் வாரம் தவறாமல் ஆட்டுக்கறி. உடம்போ மூங்கில் போல. நான் வேகவைத்த கீரையையும் ஓட்ஸையும் முன்னால் வைத்துக்கொண்டு அவன் நண்டுக் காலை உடைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தினமும் காலையில் புக்கிட் மெலாவதிக் குன்றை ஏறி இறங்கினேன். குரங்குகளுக்கே என்னைத் தெரியும். அப்படியும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் என் கொலஸ்ட்ரால் ஏறிக்கொண்டே போனது. கிளினிக்கில் மாத்திரை எழுதினார்கள். வேண்டாம், கட்டுப்பாட்டிலேயே குறைத்துக் காட்டுகிறேன் என்றேன். அதுதான் தம்பி வார்டில் சொன்ன கொழுப்பு.

அடைப்பு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் உடல்நலம் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் வயதான பெண்கள். கொலஸ்ட்ரால் என்று சொன்னால் வாயில் நுழையாதே என்று, பேச்சு முழுக்கக் கொழுப்பு, கொழுப்பு என்றே சொன்னேன். எளிமைக்காகச் செய்தது. அது பிழை என்று எனக்குத் தெரியும். கொலஸ்ட்ரால் வயிற்றில் தொங்கும் சதை இல்லை. மெழுகு போன்ற ஒரு பொருள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் அது வேண்டும். ஒல்லியானவன் ரத்தத்திலும் அது நிரம்பி வழியலாம்.

முன் வரிசையில் இருந்த தம்பி எழுந்து சட்டையைத் தூக்கினான். ஒட்டிய வயிற்றில் பளாரென்று அடித்தான்.

"அண்ணே, இதுல எங்கண்ணே இருக்கு கொழுப்பு? இருந்தா எடுத்துக் குடுலா, வறுத்துத் தின்னுடறேன்."

மண்டபம் அதிர்ந்தது. பின்னாலிருந்து ஒரு கிழவி, "வாத்தியாரே, ஒங்க தம்பிக்கு வாயில இருக்கு!" என்றாள். ஒல்லிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். என் பேச்சைக் கெடுத்துவிட்டான் என்ற எரிச்சலில் திரையில் அடுத்த படத்துக்குத் தாவினேன். தனக்குக் கொழுப்பில்லை என்று தம்பி அன்றைக்கு முடிவு செய்தான். என் வாயிலிருந்து போன சொல்லை வைத்துத்தான் செய்தான்.

கம்பிச் சுருள் வைத்த பிறகு, முதல் மறுபரிசோதனைக்குப் போனபோது ஒரு தமிழ்ப் பெண் டாக்டர் பார்த்தார். என் மகள் வயதுதான் இருக்கும்.

"அங்கிள், சிலிப்பரக் கழட்டிட்டு காலத் தூக்கி வைங்க."

இதயத்துக்கு வந்தவனிடம் காலை ஏன் கேட்கிறார் என்று யோசித்தேன். குதிகாலுக்கு மேலே போகும் தசைநாணை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். அது என் கண்ணுக்கும் தடித்து, முண்டும் முடிச்சுமாகத் தெரிந்தது. நான் அதைச் செருப்புக் கடி என்று எத்தனையோ ஆண்டாக நினைத்திருந்தேன்.

"ஒங்க அப்பா எப்படித் தவறுனாரு?"

"வெயில்ல விழுந்துட்டாரும்மா. நாப்பத்திச் சொச்சம்தான்."

"வெயில் இல்ல அங்கிள். இது சாப்பாட்டால வந்தது இல்ல, பொறப்புலயே வந்தது. ஒங்களுக்குக் கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி."

"அவருக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்கு. ஒங்க பிள்ளைங்களுக்கும் அப்படித்தான். எல்லாரையும் ஒடனே ரத்தம் பாக்கச் சொல்லுங்க. சொல்லிருவீங்கல்ல?"

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அவர் சொன்ன விஷயம் எனக்குப் புதியதல்ல. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவர்களுக்கு நானே கரும்பலகையில் படம் போட்டு நடத்தியதுதான். கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. அதனால் ரத்தத்தில் அது தனியாகப் போக முடியாது. புரதத்தாலும் கொழுப்பாலும் ஆன சிறு பொதிகளுக்குள் அடைபட்டுப் பயணம் செய்கிறது. பொதியைச் சுற்றி ஒரு நீளமான புரதம் இருக்கும். அதுதான் அதன் அடையாளம். செல்லின் மேற்பரப்பில், அதிலும் கல்லீரல் செல்களில், அந்த அடையாளத்தைத் தெரிந்து பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. பிடித்ததும் அந்த இடத்தில் சவ்வு குழிந்து, பொதியையும் ஏற்பியையும் சேர்த்து உள்ளே இழுத்து, ஒரு சிறு குமிழியாகக் கிள்ளிக்கொள்ளும். உள்ளே போனதும் குமிழியில் புளிப்பு ஏறும். புளிப்புப் பட்டதும் ஏற்பி தன் பிடியை விடும். பிறகு அது மேற்பரப்புக்குத் திரும்பி அடுத்த பொதிக்குக் காத்திருக்கும். பொதி உடைக்கப்படும். கொலஸ்ட்ரால் செல்லுக்குச் சேரும். போதுமான அளவு சேர்ந்துவிட்டால் செல் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும்.

எனக்கு, அப்பாவிடமிருந்து வந்த மரபணுப் பழுதால், அந்த ஏற்பிகளில் பாதி வேலை செய்யவில்லை. எடுத்துக்கொள்ள ஆளில்லாத பொதிகள் ரத்தத்திலேயே சுற்றிச் சுற்றி, கடைசியில் குழாய்ச் சுவருக்குள்ளும் குதிகால் தசைநாணுக்குள்ளும் போய்ப் படிந்துவிட்டன. கீரையால் அதைச் சரிசெய்ய முடியாது. புக்கிட் மெலாவதியாலும் முடியாது.

அன்று மாலையே ஷா ஆலாமில் இருக்கும் என் ஒரே மகளுக்குச் சொன்னேன். அவள் அந்த வாரமே பரிசோதித்தாள். அவளுக்கு இல்லை. பிறகு தம்பிக்குப் போன் செய்தேன்.

"என்னண்ணே?" என்றான். பின்னால் லோரி உறுமும் சத்தம், ஆட்களின் சிரிப்பு.

"சும்மாதான்" என்றேன். வைத்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவனுக்கும் இருந்துவிடுமோ என்று நான் பயப்படவில்லை. இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தேன். பாதிக்குப் பாதி. அப்பாவிடமிருந்து கெட்டது எனக்கு மட்டும் வந்து, நல்லது அவனுக்குப் போயிருந்தால்? நண்டும் ஆடும் தின்ற அவன் ரத்தம் ஊற்று நீர் போல இருந்து, கீரை தின்ற என் ரத்தம் இப்படி இருந்தால்? அவன் அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்று சிரிப்பதைக் கற்பனை செய்து பார்த்தேன். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. அவன் பரிசோதிக்காமலே இருந்தால் நாங்கள் இருவரும் சமம்.

"தம்பிகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"சொல்லிட்டேன்."

அவன் என்ன சொன்னான் என்று அவள் கேட்கவில்லை. மாதங்கள் போயின.

கோயில் திருவிழா வந்தது. எங்கள் தோட்டத்தில் காவடி எடுப்பவர்கள் லயத்து வீடுகள் இருந்த பாதை வழியாகத்தான் கோயிலுக்கு வருவார்கள். ஒவ்வொரு குடும்பமும் வாசலில் மஞ்சள் நீர்க் குடத்தோடு நிற்கும். காவடிக்காரரின் காலில் நீரூற்றிக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, தொட்டுக் கும்பிட வேண்டும். அன்றைக்கு அவர் சாமி. வயதில் மூத்தவர்களும் குனிவார்கள். தம்பி ஆண்டுதோறும் காவடி எடுப்பான். அவன் எங்கள் முன் வந்து நிற்கும்போதெல்லாம் நான் கூட்டத்துக்குப் பின்னால் போய்விடுவேன். மனைவி கழுவுவாள்.

அந்த ஆண்டு அவளுக்கு முழங்கால் வலி. குனிய முடியவில்லை. குடத்தை என் கையில் கொடுத்துவிட்டாள். ஒதுங்க இடமில்லை. தம்பி வந்து நின்றான். மயில் தோகை அசைந்தது. வேர்வையில் திருநீறு கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் குந்தி உட்கார்ந்து அவன் பாதத்தில் நீரை ஊற்றினேன். முன்பாதத்தைக் கழுவி, பின்பக்கம் கை போனபோது என் விரல்கள் நின்றுவிட்டன.

குதிகாலுக்கு மேலே அதே தடிப்பு. அதே முடிச்சு. என்னுடையதைவிடப் பெரியது.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்தது மகிழ்ச்சி. ஒரு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். இவனுக்கும் உண்டு, எனக்கு மட்டுமானதில்லை என்று மனம் துள்ளியது. சாமியின் காலைப் பிடித்துக்கொண்டு நான் நினைத்தது அது. பிறகுதான் விரலுக்கடியில் இருப்பது என்னவென்று புத்திக்கு எட்டியது. மாத்திரை எதுவும் இல்லாமல், அறுபத்தைந்து வயதில், உச்சி வெயிலில், தோளில் அவ்வளவு பாரத்தோடு நிற்கிறான் என்பதும் எட்டியது.

குங்குமம் வைத்தேன். அவன் நகர்ந்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

பத்துப் பதினைந்து அடி போயிருப்பான். உறுமி அடிக்கிறவர்கள் ஆடச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் ஆடவில்லை. ஒரு வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது. கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

"ஒண்ணுமில்லலா, வெயிலு."

அப்பாவுக்குச் சொன்ன அதே சொல். நான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"எறக்கி வைடா."

"நடுவுல எறக்கக் கூடாதுண்ணே."

"அப்ப ஒக்காரு."

காவடிக்காரர்கள் இளைப்பாற, பின்னால் ஒருவர் முக்காலி தூக்கி வருவது வழக்கம். அதை அவன் லோரி ஓட்டுநர் ஒருவர் தூக்கி வந்துகொண்டிருந்தார். அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். நாலடிக்கு ஒரு முறை அதைப் போட்டு அவனை உட்கார வைத்தேன். கோயில் வாசல் வரைக்கும் அப்படியேதான் போனோம்.

"வாத்தியாருக்குப் பக்தி வந்துடுச்சி!" என்று ஒருத்தி கேலி செய்தாள்.

அன்னதானக் கொட்டகையின் ஓரத்தில் அவனைத் தனியாக உட்கார வைத்தேன். நிறம் திரும்பியிருந்தது. மோர் குடித்துக்கொண்டிருந்தான்.

"நெஞ்சு வலிச்சுதா?"

"இறுக்கிப் புடிச்ச மாதிரி. கொஞ்ச நாளாவே ஏறி எறங்குனா இருக்கு. வயசாச்சுல்ல."

"ஒனக்குக் கொலஸ்ட்ரால் இருக்குடா. என்னோடது மாதிரியே. அப்பாவுக்கும் இதுதான்."

வயிற்றைத் தொட்டான். "எனக்கு எங்கண்ணே கொழுப்பு? நீதான் அன்னிக்கு..."

"அன்னிக்கு நான் சொன்ன சொல்லு தப்பு." அவனுக்குப் புரிய எதைச் சொல்வது என்று பார்த்தேன். "ஆலைக்கு ஒன்னோட லோரி போகுது. வாசல் கேட்டுல நம்பரப் பாத்து உள்ள விடறாங்க. கேட்டு பாதி மூடியிருந்தா?"

"ரோட்டுல நிக்கும். தஞ்சோங் காராங் வரைக்கும் வரிசை கட்டும். குலை அழுவிப் போவும்."

"ஒங்கிட்டயும் எங்கிட்டயும் கேட்டு பாதிதான். பொறப்புலயே. நீ என்ன திங்கற, எவ்ளோ ஒல்லிங்கறது அப்புறம்."

"அப்ப மாத்திரை என்ன செய்யும்?"

"கல்லீரல் தானும் கொலஸ்ட்ரால் செய்யும். மாத்திரை அதக் கொறைக்கும். வீட்டுல சமையல் கொறைஞ்சா வெளியில வாங்கித்தானே ஆவணும்? அதுக்காகக் கல்லீரல் இருக்கற கேட்ட இன்னும் கூடுதலா தொறக்கும்."

தலையாட்டினான். ஆலை முதலாளிகளைப் பற்றி ஏதோ ஒரு நக்கல் அடித்தான், மறந்துவிட்டது. பிறகு மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"ஒனக்கு எப்பலேருந்துண்ணே தெரியும்?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வந்தது உண்மை. "கம்பி வச்சதுக்கு அடுத்த செக்கப்புலயே டாக்டர் சொல்லிட்டாங்க. ஒங்கிட்டச் சொல்லச் சொன்னாங்க."

அவன் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒருவர் சாதம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். "அண்ணனுக்குப் போடுங்க" என்றான்.

மறுநாள் மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு குழாய்கள் ஏறக்குறைய அடைத்திருந்தன. நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்றார்கள். ரத்த முடிவு வந்ததும் படுக்கையில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, பாத்தியா? ஒன்னோடதவிட என்னோடது கூட!"

அந்த நேரத்திலும், சிரிக்காதீர்கள், எனக்கு நெஞ்சில் ஒரு சின்னக் குத்தல். இதிலும் அவன்தான் முதல்.

அதே பெண் டாக்டர் வந்தார். என்னைத் தெரிந்துகொண்டார். தம்பியின் பக்கம் திரும்பிக் கோபமாகவே கேட்டார்.

"அங்கிள், ஒங்க அண்ணன்கிட்ட நான் அப்பவே சொல்லி அனுப்பினேனே. அப்பவே வந்திருந்தா மாத்திரை தொடங்கி இவ்ளோ தூரம் வராமப் பாத்திருக்கலாம். ஏன் வரல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பேசிவிட்டான்.

"அண்ணன் சொன்னாருங்க டாக்டர். நான்தான் கேக்கல. ஒல்லியா இருக்கோமே, நமக்கு என்னன்னு விட்டுட்டேன்."

டாக்டர் அவனை நன்றாகத் திட்டினார். படித்த அண்ணன் சொன்னால் கேட்க வேண்டாமா என்றார். பள்ளிக்கூடத்துப் பையன் போலத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். நான் பக்கத்தில் நல்ல அண்ணனாக நின்றுகொண்டிருந்தேன். அவர் போனார். அவன் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்தான். என் பிழையையும் அவனே எடுத்துக்கொண்டுவிட்டான் என்று நினைத்தேன். அவ்வளவு எளிதாக அவனுக்கு எப்படி முடிகிறது என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்தான். ஆனால் பழைய ஆள் இல்லை. லோரியின் படியில் ஏற இப்போது இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. பேசிக்கொண்டே இருக்கும்போது மூச்சு வாங்க நிறுத்துகிறான். கல்யாண வீட்டில் பந்தி அவனுக்காக இன்னமும் காத்திருக்கிறது. அவன்தான் பாதியில் எழுந்து போய்விடுகிறான். அந்த மாதங்களை நான் விழுங்காமல் இருந்திருந்தால் இதில் எவ்வளவு தப்பியிருக்கும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. நான் கேட்டுப் பார்த்தேன்.

போன மாதம் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் பரிசோதனை. என் காரில்தான் போனோம். ஆலைக்குத் திரும்பும் முனையில் செம்பனை லோரிகள் வரிசையாக நின்றன.

"பாருண்ணே, கொலஸ்ட்ரால் நிக்கிது" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் அறைக்குள் உட்கார்ந்ததும், அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"டாக்டர், அன்னிக்கு என் தம்பி சொன்னது பொய். நான் அவன்கிட்டச் சொல்லவே இல்ல. தெரிஞ்சே மறைச்சேன்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "ஏன் அங்கிள்?"

காரில் வரும் வழியெல்லாம் அதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அது வரவில்லை. தம்பி நாற்காலியில் சாய்ந்து, ஒரு மூச்சு இழுத்துவிட்டு, எனக்காகப் பதில் சொன்னான்.

"அண்ணனுக்குக் கொழுப்பு, டாக்டர்."

அவனும் சிரிக்கவில்லை. டாக்டரும் சிரிக்கவில்லை. எங்கள் இருவரின் காலையும் காட்டச் சொன்னார். நாங்கள் செருப்பைக் கழட்டினோம்.